போர்த்துகீசியரும் நார்வேக்காரரும்: ஒரே கரும்புத் தோட்டத்தில் தொடங்கிய கணக்கு

செமஸ்டர் முடிந்துவிட்டது. இனி கொஞ்ச நாளைக்குப் பற்று வரவு தொல்லை இல்லை. அதனால் ரொம்ப நாளாக மனதில் கிடந்த ஒரு விஷயத்தை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

போன பருவத்தில் பொருளாதார வரலாறு வகுப்பில் ஒரு விவாதம் நடந்தது. என் வகுப்புத் தோழர்களுக்கு நினைவிருக்கும். "சில இனத்துக்காரங்க எங்க போனாலும் முன்னுக்கு வந்துடுவாங்க, சில பேர் எங்க போனாலும் கூலியாவே இருப்பாங்க, அது ரத்தத்துலயே வர்ற உழைப்புப் பண்பாடு" என்று நண்பன் ஒருவன் அடித்துச் சொன்னான். பாதி வகுப்பு தலையாட்டியது. எனக்குச் சுருக்கென்றது. நான் முதல் பட்டதாரி சான்றிதழ் கொடுத்துக் கல்லூரியில் சேர்ந்த ஆள். என் தாத்தா உழைக்கவில்லை என்று யாராவது சொன்னால் எப்படி ஒப்புக்கொள்வது? ஆனால் எழுந்து பதில் சொல்ல அன்றைக்குக் கையில் ஓர் உதாரணம் கூட இல்லை. இது அந்தப் பதில். ஆறு மாதம் தாமதம், அவ்வளவுதான் :-)

நான் எடுத்துக்கொண்டது அமெரிக்காவில் குடியேறிய இரண்டு கூட்டத்தாரை. ஒன்று போர்த்துகீசியர். நமக்கு ஜன்னல், சாவி, அலமாரி என்ற சொற்களைக் கொடுத்துவிட்டுப் போன அதே போர்த்துகீசியர்தான். இன்னொன்று நார்வேக்காரர்கள். இருவரும் ஐரோப்பாவின் ஓரத்தில் இருந்தவர்கள், கடலோடிகள், கிறிஸ்தவர்கள் (ஒருவர் கத்தோலிக்கர், இன்னொருவர் லூத்தரன்). அந்தக் காலக் கணக்கில் இரண்டுமே ஏழை நாடுகள். இப்போது அமெரிக்காவில் நார்வே வம்சாவளி என்று சொல்லிக்கொள்பவர்கள் சுமார் 40 லட்சம் பேர், போர்த்துகீசிய வம்சாவளியினர் சுமார் 13 லட்சம். நூறு வருடமாக அங்கே ஒரு பேச்சு உண்டு: நார்வேக்காரன் என்றால் சொந்த நிலம் வைத்த விவசாயி, கவர்னர், கல்லூரி நடத்துபவன், போர்த்துகீசியன் என்றால் மில் கூலி, மீன்பிடிப்பவன், மாடு கறப்பவன். என் நண்பன் இதைப் பார்த்தால் "பார்த்தாயா, ரத்தம்" என்றுதான் சொல்வான்.

நல்லவேளையாக வரலாறு ஒரு சின்னப் பரிசோதனையை நடத்தி வைத்திருக்கிறது. இந்த இரண்டு கூட்டத்தாரும் ஒரே காலத்தில், ஒரே வேலைக்கு, ஒரே மாதிரி ஒப்பந்தத்தில் போய் இறங்கிய இடம் ஒன்று உண்டு. ஹவாய்.

அப்போது ஹவாய் தனி ராஜ்யம். 1875-இல் அமெரிக்காவுடன் போட்ட ஒப்பந்தத்தால் ஹவாய் சர்க்கரை அமெரிக்காவுக்குள் வரியில்லாமல் போக ஆரம்பித்தது. உடனே எங்கு பார்த்தாலும் கரும்பு. ஆனால் வெட்ட ஆள் இல்லை. வெளியிலிருந்து வந்த நோய்களால் ஹவாய்ப் பூர்வகுடிகள் பெருமளவு செத்துப்போயிருந்தார்கள். சீனர்களை ஏராளமாகக் கொண்டுவந்த பிறகு, ஐரோப்பியக் குடும்பங்களையும் கொண்டுவந்து குடியேற்ற வேண்டும் என்று அரசும் முதலாளிகளும் நினைத்தார்கள். ஹவாயில் வாழ்ந்த வில்லியம் ஹில்லப்ராண்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர், அவர் பெரிய தாவரவியல் ஆராய்ச்சியாளரும் கூட, மதேய்ரா தீவுக்குப் போயிருந்தபோது "இந்த ஆட்கள் சரியாக இருப்பார்கள்" என்று எழுதினார். மதேய்ராவில் கரும்பும் உண்டு, திராட்சையும் உண்டு. 1872-இல் பூச்சி விழுந்து திராட்சைத் தோட்டங்கள் நாசமாகி ஜனங்கள் பட்டினியில் இருந்தார்கள். 1878 செப்டம்பர் 30-ஆம் தேதி 'பிரிசில்லா' என்ற கப்பல் சுமார் 120 பேருடன் ஹொனலூலுவில் வந்து சேர்ந்தது. கிட்டத்தட்ட நான்கு மாதப் பயணம். அடுத்த வருடம் ஆகஸ்டில் 'ரேவன்ஸ்கிராக்' வந்தது, நானூறு பேருக்கு மேல். 1913 வரை மதேய்ராவிலிருந்தும் அசோரஸ் தீவுகளிலிருந்தும் பதினாறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வந்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் வந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்களும் குழந்தைகளும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலைக்கு ஆகும்.

நார்வேக்காரர்கள் வந்தது 1881-இல். மாவி தீவில் தோட்டம் வைத்திருந்த கிறிஸ்டியன் லோராஞ்ச் என்ற நார்வேக் கப்பல் கேப்டன் ஊருக்குப் போய், திராம்மென் நகரத்தில் ஆள் எடுத்தார். 'பேட்டா' பிப்ரவரியிலும் 'முஸ்கா' மே மாதத்திலும் வந்து சேர்ந்தன. மொத்தம் சுமார் 600 பேர். மூன்று வருட ஒப்பந்தம்.

வேலை இருவருக்கும் ஒன்றுதான். மேற்பார்வைக்கு 'லூனா' என்று ஓர் ஆள், குதிரை மேல். இலங்கை மலையகத் தோட்டங்களின் கங்காணியை நினைத்துக்கொள்ளலாம், ஆனால் ஊரிலிருந்து ஆள் கூட்டி வருகிற வேலை லூனாவுக்குக் கிடையாது. 1850-ஆம் வருடச் சட்டப்படி ஒப்பந்தக் கூலி வேலைக்கு வர மறுத்தால் ஜெயில். ஃபிஜிக்கும் நேட்டாலுக்கும் போன நம் ஆட்கள் அனுபவித்த அதே வகைச் சட்டம். ஒப்பந்தத்தை மீறினால் அது கடன் தகராறு அல்ல, குற்றம்.

நார்வேக்காரர்கள் வந்த கொஞ்ச நாளிலேயே தகராறு ஆரம்பித்தது. சாப்பாடு சரியில்லை, வீடு சரியில்லை, சொன்னது ஒன்று நடப்பது ஒன்று என்று வேலைக்குப் போக மறுத்தார்கள். சிலர் ஜெயிலுக்கும் போனார்கள். இவர்களில் பலர் நகரத்துத் தொழிலாளிகள், கைவினைஞர்கள். கரும்பைப் படத்தில் கூடப் பார்த்திராதவர்கள். ஆனால் அவர்களிடம் ஒன்று இருந்தது. எழுதத் தெரியும். ஊர்ப் பத்திரிகைகளுக்கும் அமெரிக்காவில் வெளியான ஸ்காண்டிநேவியப் பத்திரிகைகளுக்கும் கடிதம் எழுதினார்கள். ஹவாயில் வெள்ளையரை அடிமையாக வைத்திருக்கிறார்கள் என்று சான் பிரான்சிஸ்கோ பத்திரிகைகள் கூச்சலிட்டன. விளைவு, அப்போது நார்வேயையும் சேர்த்து ஆண்ட ஸ்வீடன் அரசு 1882-இல் அன்டன் கிரிப் என்ற தூதரை விசாரணைக்கே அனுப்பியது. அவர் வந்து பார்த்துவிட்டு, பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை என்கிற தோரணையில்தான் அறிக்கை கொடுத்தார், அது வேறு கதை. ஆனால் அறுநூறு கூலிகளுக்காக ஓர் அரசாங்கம் உலகத்தின் மறுமுனைக்கு ஆள் அனுப்பியது என்பதைக் கவனியுங்கள்.

ஒப்பந்தம் முடிந்ததும் பெரும்பாலான நார்வேக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு அமெரிக்கப் பெருநிலத்துக்குப் போய்விட்டார்கள். போர்த்துகீசியரில் பெரும்பாலோர் தங்கிவிட்டார்கள்.

இதில் ரத்தம் எங்கே வருகிறது? 1880 கணக்கெடுப்பில் அமெரிக்காவில் நார்வேயில் பிறந்தவர்கள் 1.8 லட்சம் பேர் இருந்தார்கள். ஹவாய் நார்வேக்காரனுக்கு மினசோட்டாவிலோ விஸ்கான்சினிலோ அண்ணனோ, மாமனோ, குறைந்தபட்சம் பக்கத்துக் கிராமத்து ஆளோ இருந்தான். போய் இறங்க ஒரு வாசல் இருந்தது. போர்த்துகீசியருக்கு அப்படி இல்லை. பெருநிலத்தில் அன்றிருந்த அவர்கள் ஆட்கள் அந்த எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். ஐந்து பிள்ளைகளோடு வந்த மதேய்ரா விவசாயி எங்கே போவான்?

தங்கியவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. ஒரு தலைமுறைக்குள் பலர் லூனாக்களாகவும் கொல்லர், தச்சர் போன்ற தேர்ந்த தொழிலாளிகளாகவும் ஆனார்கள். தோட்டத்தை விட்டு ஹொனலூலு வந்தவர்கள் பஞ்ச்பவுல் மலைச்சரிவில் சின்னச் சின்ன மனைகள் வாங்கி வீடு கட்டினார்கள். ரேவன்ஸ்கிராக் கப்பலில் வந்த மூன்று தச்சர்கள், மானுவல் நூனிஸ், அகஸ்டோ தியாஸ், ஜோசே தோ எஸ்பிரிதோ சாந்தோ, தங்கள் ஊரின் சின்ன கிதார் மாதிரியான வாத்தியத்தைச் செய்யப்போய், அதுதான் இன்று உலகமே ஹவாயின் அடையாளம் என்று நினைக்கும் யுகலேலே ஆனது. இவ்வளவு இருந்தும், தோட்டத்தின் மேல்நிலைப் பதவிகள் அமெரிக்கர், ஸ்காட்லாந்துக்காரர், ஜெர்மானியர் கையில்தான். அதைவிட வேடிக்கை அரசாங்கக் கணக்கெடுப்பு. 1930 வரை ஹவாயில் 'போர்த்துகீசியர்' ஒரு தனிக் கட்டம், 'மற்ற வெள்ளையர்' வேறு கட்டம்! அங்கேயே தங்கிப்போன ஒரு சில நார்வேக்காரர்கள் இரண்டாவது கட்டத்தில் வருவார்கள். ஒரே ஒப்பந்தம், ஒரே வெயில், ஒரே கரும்பு. ஆனால் படிவத்தில் வேறு கட்டம். 1940-இல்தான் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். போர்த்துகீசியரை மடையர்களாகக் காட்டும் ஜோக்குகள் அதற்கப்புறமும் அங்கே ஓடிக்கொண்டிருந்தன. நமக்கு சர்தார்ஜி ஜோக் மாதிரி.

இனி நார்வேக்காரர்கள் போன பெருநிலத்துக்கு நாமும் போவோம்.

1825-இல் ஸ்டவாங்கரிலிருந்து 'ரெஸ்டவுரேஷன்' என்ற சின்னக் கப்பலில் 52 பேர் கிளம்பினார்கள். வழியில் ஒரு குழந்தை பிறந்து நியூயார்க்கில் இறங்கும்போது 53 பேர். அடுத்த நூறு வருடத்தில் எட்டு லட்சத்துக்கு மேல். நார்வேயின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் அயர்லாந்தை விட்டால் ஐரோப்பாவில் இந்த அளவுக்கு ஆட்களை அனுப்பிய நாடு இல்லை. போனவர்கள் பணக்காரர்கள் அல்ல. மூத்த மகனுக்கு நிலம் போன பிறகு மிச்சமிருந்த தம்பிகளும், பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த குடியானவர்களும்தான். ஆனால் 1736-இலேயே நார்வேயில் ஒரு சட்டம் வந்திருந்தது: எல்லாரும் தேவாலயத்தில் உறுதிப்பூசுதல் பெற வேண்டும், அதற்கு ஞானோபதேசப் புத்தகம் படிக்கத் தெரிய வேண்டும். 1739-இல் கிராமப்புறப் பள்ளிச் சட்டமும் வந்தது. அரசனுக்குப் பக்திதான் நோக்கம். ஆனால் நூறு வருடம் கழித்துக் கப்பலேறிய கூலிக்குப் படிக்கத் தெரிந்திருந்தது! ஊருக்கு எழுதும் கடிதத்தில் நிலம் ஏக்கர் என்ன விலை, கூலி எவ்வளவு, எந்த ஊரில் காய்ச்சல் என்று எல்லாம் எழுதினார்கள். அந்தக் கடிதத்தை ஊரே கூடிப் படித்தது. 1838-இலேயே ஓலே ரினிங் என்பவர் போக விரும்புவோருக்குக் கையேடே எழுதிவிட்டார். சந்தைத் தகவல் இல்லாதவன் ஏமாறுவான் என்று நாம் முதல் வருடத்தில் படித்தோமே, அதன் மறுபக்கம் இது.

இரண்டாவது, நிலம். 1862-இல் ஹோம்ஸ்டெட் சட்டம் வந்தது. சொற்பப் பதிவுக் கட்டணம் கட்டி, ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தம். குடியுரிமை பெறப்போகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் வெளிநாட்டவருக்கும் உண்டு. நார்வேக்காரர்கள் அலை அலையாக வந்த நேரமும் இந்தச் சட்டம் வந்த நேரமும் பொருந்திப்போனது. மினசோட்டா, வடக்கு டகோட்டா என்று பரவினார்கள்.

சுகமாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. மண்கட்டியை வெட்டி அடுக்கிய வீடு, 1870-களில் வருடக்கணக்கில் வெட்டுக்கிளி, ரயில்வே கம்பெனி வைத்த சரக்குக் கட்டணம், கோதுமையைத் தரம் குறைத்துக் காட்டும் தானியக் கிடங்குக்காரன் என்று எல்லாக் கஷ்டமும் உண்டு. இவற்றை எதிர்த்துத்தான் 1915-இல் வடக்கு டகோட்டா விவசாயிகள் கட்சிசாரா லீக் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அதில் நார்வே விவசாயிகளின் பங்கு பெரியது. அந்த இயக்கம் ஆட்சியைப் பிடித்து 1919-இல் தொடங்கிய அரசு வங்கி இன்றும் நடக்கிறது. வங்கியியல் தாள் எழுதியவர்கள் தேடிப் படியுங்கள், சுவாரசியமான விஷயம்.

ஆனால் இரட்டைப் பதிவு படித்த நமக்கு ஒரு கேள்வி வர வேண்டும். வரவு இருந்தால் பற்று எங்கே? அந்த 160 ஏக்கர் யாருடையது? ஹோம்ஸ்டெட் சட்டம் வந்த அதே 1862-இல்தான் மினசோட்டாவில் டகோட்டா பூர்வகுடிகளுக்கும் அமெரிக்க அரசுக்கும் போர் நடந்தது. ஒப்பந்தப்படி தர வேண்டிய பணமும் உணவும் வராமல் பட்டினி கிடந்தவர்கள் அவர்கள். போரில் குடியேறிகள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். டிசம்பர் 26-ஆம் தேதி மான்கேட்டோ ஊரில் டகோட்டா ஆண்கள் 38 பேரை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். அடுத்த வருடம் மிச்சமிருந்தவர்களை மாநிலத்தை விட்டே துரத்தினார்கள். காலியான நிலம் குடியேறிகளுக்கு. நார்வே விவசாயி நல்லவனாகவே இருக்கலாம், உழைத்தவன்தான். ஆனால் அவன் ஐந்தொகையின் தொடக்க இருப்பில் இந்த நிலம் இருக்கிறது. அதை 'உழைப்பு' என்ற தலைப்பில் எழுதினால் தணிக்கையாளர் விடமாட்டார்.

நிலம் கிடைத்தவன் அடுத்து என்ன செய்தான் என்பதற்கு நம் பாடப்புத்தகத்திலேயே ஆள் இருக்கிறார். தேவை விதிக்கு விதிவிலக்கு என்று வெப்லன் விளைவு படித்தோம் இல்லையா, விலை ஏற ஏற வாங்கும் பகட்டு நுகர்வு? அந்த தோர்ஸ்டீன் வெப்லன் நார்வேக் குடியேறிகளின் மகன். 1857-இல் விஸ்கான்சினில் பிறந்து மினசோட்டாப் பண்ணையில் வளர்ந்தவர். பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள வீடு. அப்பா பண்ணையை நன்றாக வளர்த்தெடுத்து, மகன்களை மட்டுமல்ல மகளையும் கல்லூரிக்கு அனுப்பினார். வெப்லன் 1884-இல் யேல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். அறுவடை கைகொடுத்தால் பிள்ளையைப் படிக்க வைக்கலாம், கைகொடுக்காவிட்டால் நிலத்தை அடகு வைத்துப் படிக்க வைக்கலாம். சொத்து இருப்பவனுக்கு இந்த வசதி உண்டு. அவர்கள் சமூகமும் 1861-இல் லூத்தர் கல்லூரி, 1869-இல் ஆக்ஸ்பர்க், 1874-இல் செயின்ட் ஓலாஃப் என்று வரிசையாகக் கட்டியது. 1892-இல் நூட் நெல்சன் மினசோட்டாவின் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நார்வேயில் பிறந்த ஒருவர் அமெரிக்க மாநிலமொன்றின் கவர்னர்!

அதே வருடங்களில் போர்த்துகீசியர் எங்கே இருந்தார்கள்? மாசசூசெட்ஸ் கடற்கரையில். நியூ பெட்ஃபோர்டிலிருந்து கிளம்பும் திமிங்கல வேட்டைக் கப்பல்கள் நடுக்கடலில் இருக்கும் அசோரஸ் தீவுகளில் நின்று தண்ணீரும் ஆளும் ஏற்றிக்கொள்ளும். பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று பயந்த பையன்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கப்பலேறினார்கள். அங்கே நிலம் பெரும் பண்ணையார்கள் கையில், குடியானவன் குத்தகைக்காரன். கப்பலில் சம்பளம் கிடையாது, லாபத்தில் பங்கு. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? கடைநிலை மாலுமிக்கு நூற்றைம்பதில் ஒன்று, இருநூற்றில் ஒன்று என்பது போலப் பங்கு. இரண்டு மூன்று வருடம் கழித்துத் திரும்பும்போது கப்பல் கடையில் வாங்கிய உடுப்பும் புகையிலையும் கழித்தால், பலர் கணக்கில் கடன்காரர்களாகவே கரையிறங்குவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவன் அந்தக் கணக்கை எப்படிச் சரிபார்ப்பான்? 1900 வாக்கில் கூடப் போர்ச்சுகலில் நான்கில் மூன்று பேருக்கு எழுத்தறிவு இல்லை.

1859-இல் பென்சில்வேனியாவில் பெட்ரோலியம் கிடைத்த பிறகு திமிங்கல எண்ணெய்க்கு மதிப்புப் போனது. நியூ பெட்ஃபோர்டு முதலாளிகள் பணத்தைப் பஞ்சாலைகளில் போட்டார்கள். பக்கத்து ஃபால் ரிவரிலும் அதே. கப்பலில் வந்தவர்கள் மில்லுக்குள் போனார்கள், அவர்கள் மனைவியும் பிள்ளைகளும் கூட. ஒருவர் சம்பளத்தில் குடும்பம் ஓடாது, நான்கு பேர் போனால் ஓடும். பையனை 14 வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தி மில்லில் விட்டால் வாடகை கட்டலாம். லூயிஸ் ஹைன் எடுத்த புகழ்பெற்ற குழந்தைத் தொழிலாளர் புகைப்படங்களில் இந்த ஊர்களின் போர்த்துகீசியப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்தத் தெருக்களில் கைக்குழந்தைகள் சாவது மிக அதிகம். அதற்கும் அந்தக் காலத்தில் சில ஆராய்ச்சியாளர்கள் இனத்தில் காரணம் தேடினார்கள். தாய் காலையில் மில்லுக்குப் போகிறாள், குழந்தைக்குத் தாய்ப்பால் இல்லை, வீடு நெரிசல் என்பதெல்லாம் கண்ணெதிரே இருக்கும்போதே.

1928-இல் நியூ பெட்ஃபோர்டு முதலாளிகள் பத்து சதவீதம் கூலி குறைத்தபோது முப்பதாயிரம் பேரளவில் ஆறு மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னால் நின்றவர்களில் போர்த்துகீசியத் தொழிலாளிகள் ஏராளம். கடைசியில் பத்துக்குப் பதில் ஐந்து சதவீதக் குறைப்பு. மறுவருடம் பெருமந்தம் வந்தது. மில்கள் ஒவ்வொன்றாக மூடின, அல்லது கூலி குறைந்த தென் மாநிலங்களுக்குப் போயின. நிலம் வைத்திருப்பவனுக்கும் வேலை வைத்திருப்பவனுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். மில் போனால் தொழிலாளியிடம் மிச்சம் ஒன்றுமில்லை.

"இது சும்மா ஒரு விளக்கம், இனம்தான் காரணம் என்பதும் இன்னொரு விளக்கம்" என்று நண்பன் சொல்லலாம். அதனால் கலிஃபோர்னியாவுக்கு வாருங்கள். அதே அசோரஸ் தீவு ஆட்கள், அதே எழுத்தறிவின்மை. ஆனால் அங்கே சான் வாக்கின் பள்ளத்தாக்கில் நிலம் குத்தகைக்குக் கிடைத்தது, மாடு அவர்களுக்குத் தெரிந்த தொழில். முதலில் பிறர் பண்ணையில் பால் கறப்பது, கூலியைச் சேர்த்து நாலு மாடு வாங்குவது, நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பது, பிறகு வாங்குவது. துலாரி, டர்லாக், கஸ்டின் பகுதிகளில் பால்பண்ணைத் தொழிலையே தங்கள் கைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். மாசசூசெட்ஸில் கூலியாகவே இருந்தவனும் இவனும் ஒரே கிராமத்தில் பிறந்த உறவுக்காரர்களாகவே இருந்திருக்கலாம்!

எதிர்ப் பக்கத்துக்கு புரூக்ளின். அங்கே போன நார்வேக்காரர்கள் நிலத்துக்காகப் போகவில்லை, கப்பலில் வந்து துறைமுகத்திலேயே தங்கிய மாலுமிகள். 1930-களின் மந்தத்தில் கப்பல் வேலை நின்றதும், ரெட் ஹூக் பகுதியில் குப்பைமேட்டின் மேல் தகரமும் பலகையும் வைத்துக் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். அந்தச் சேரிக்கு பைபிளில் வரும் பாலைவனத்தின் பேரை வைத்து 'ஓர்க்கனன் சூர்' என்று அவர்களே அழைத்தார்கள். படிக்கத் தெரிந்த, லூத்தரன், உழைப்பாளி நார்வேக்காரன்தான். 160 ஏக்கர் மட்டும் இல்லை.

இன்னொன்றும் பார்த்தேன். 1880-இல் கலிஃபோர்னியாவின் சான் லியாண்ட்ரோவில் போர்த்துகீசியர் ஒரு பரஸ்பர சகாய சங்கம் ஆரம்பித்தார்கள். யாராவது செத்தால் குடும்பத்துக்குப் பணம். 1895-இல் மினியாபொலிஸில் 18 நார்வேக்காரர்கள் 'சன்ஸ் ஆஃப் நார்வே' ஆரம்பித்தார்கள். அதுவும் அதே மாதிரி காப்பீட்டுச் சங்கம்தான். சிக்கனம், முன்யோசனை, ஒருவருக்கொருவர் கைகொடுப்பது எல்லாம் இரண்டு பக்கமும் ஒரே அளவு. வித்தியாசம் சங்கத்தில் இல்லை, சங்கத்துக்குச் சந்தா கட்டுபவனின் கையிருப்பில்.

பிறகு கதவு. 1917-இல் அமெரிக்கா குடியேறிகளுக்கு எழுத்தறிவுத் தேர்வு வைத்தது. அடிபட்டது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. 1924-இல் நாட்டுக்கு இத்தனை என்று ஒதுக்கீடு: நார்வேக்கு வருடம் 6,453 பேர், போர்ச்சுகலுக்கு 503. இரண்டு மடங்குக்கு மேல் மக்கள்தொகை உள்ள நாட்டுக்குப் பதின்மூன்றில் ஒரு பங்கு இடம். அசோரஸில் மிச்சமிருந்தவர்கள் சலசாரின் சர்வாதிகாரத்தின் கீழ் முப்பது வருடத்துக்கு மேல் மாட்டிக்கொண்டார்கள். 1957 செப்டம்பரில் ஃபையால் தீவின் கரையோரம் கடலுக்குள் எரிமலை வெடித்தது. கப்பெலின்யோஸ் என்று பேர். பதின்மூன்று மாதம் சாம்பல் கொட்டி வயலும் வீடும் புதைந்தன. போர்த்துகீசிய வாக்காளர்கள் நிறைந்த ரோட் ஐலண்டின் செனட்டர் பாஸ்டோரியும் மாசசூசெட்ஸின் செனட்டர் கென்னடியும் (ஆமாம், பிறகு ஜனாதிபதியான அதே கென்னடிதான்) முயன்று 1958-இல் அசோரஸ் அகதிகள் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 1965-இல் ஒதுக்கீட்டு முறையே ஒழிந்தது. அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் லட்சத்துக்கு மேற்பட்ட போர்த்துகீசியர் வந்தார்கள்.

ஆக, நாம் ஒப்பிடும்போது ஒரு தப்புச் செய்கிறோம். இன்றைய நார்வே அமெரிக்கர் என்பவர் பெரும்பாலும் கொள்ளுத்தாத்தா வந்த வீட்டுப் பிள்ளை. இன்றைய போர்த்துகீசிய அமெரிக்கரில் கணிசமானோர் அப்பாவோ தாத்தாவோ வந்த வீட்டுப் பிள்ளைகள். 1900-த்தில் ஆரம்பித்த கம்பெனியையும் 1970-இல் ஆரம்பித்த கம்பெனியையும் ஒரே ஆண்டு ஐந்தொகையில் வைத்து எது திறமையான நிர்வாகம் என்று கேட்பது போல. அப்படியும், குடும்ப வருமானத்தில் போர்த்துகீசிய வம்சாவளியினர் இன்று தேசிய சராசரிக்குக் கீழே இல்லை. பட்டம் வாங்கியவர்கள் விகிதத்தில்தான் நார்வே வம்சாவளியினரைவிடப் பின்தங்கியிருக்கிறார்கள்.

அந்தக் கல்லூரி விஷயத்தில் ஒரு தகவல். நார்வேக்காரர்களின் செயின்ட் ஓலாஃப் கல்லூரியில் நார்வே-அமெரிக்க வரலாற்றுச் சங்கம் 1925-லிருந்து இருக்கிறது. குடியேறிகள் எழுதிய கடிதங்களையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார்கள். போர்த்துகீசியர் பக்கம், 1895-இல் நியூ பெட்ஃபோர்டிலும் ஃபால் ரிவரிலும் மில்களுக்கு ஆள் தயாரிப்பதற்காக இரண்டு நெசவுப் பள்ளிகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். மில்கள் போன பிறகு 1964-இல் இரண்டையும் இணைத்துத் தொழில்நுட்பக் கல்லூரியாக்கினார்கள். 1991-இல் அது டார்ட்மத்தில் உள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகமானது. அதன் நூலகத்தில் போர்த்துகீசிய அமெரிக்கர்களின் ஆவணக் காப்பகம் ஒன்றை 2009-இல் திறந்தார்கள்.

நண்பா, நீ இதைப் படித்தால் பதில் எழுது. கேன்டீனில் டீ என் செலவு.